ராட்சசனுக்கு எத்தனையாம் இடம்?

லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் மையத்தில் ஒரு மாபெரும் விளையாட்டு அரங்கம் இருக்கிறது. 1999-ல் திறந்தபோது அதற்கு ஸ்டேபிள்ஸ் சென்டர் என்று பெயர். 2021 கடைசியில் க்ரிப்டோ டாட் காம் அரீனா என்று மாற்றிவிட்டார்கள். பெயர் போகட்டும். நமக்கு வேண்டியது அதன் வாசல். அங்கே வரிசையாக வெண்கலச் சிலைகள். லேக்கர்ஸ் என்கிற கூடைப்பந்து அணிக்காக ஆடிய மகாராஜாக்கள் அவர்கள். மேஜிக் ஜான்சன், ஜெர்ரி வெஸ்ட், கரீம் அப்துல் ஜப்பார், எல்ஜின் பெய்லர், கோபி பிரையன்ட்.

இவர்கள் எல்லோரும் பீடத்தின் மேல் ஜம்மென்று நிற்கிறார்கள். ஒருவர் மட்டும் நிற்கவில்லை. தொங்குகிறார்!

ஆமாம். 9 அடி உயரம், 540 கிலோ எடையில் வெண்கலத்தில் வார்த்து, அரங்கத்தின் சுவரோடு இணைத்து, தரையிலிருந்து பத்தடி உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள். வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இப்போதுதான் பந்தை உள்ளே திணித்தவர் மாதிரி ஆசாமி ஆடிக்கொண்டிருக்கிறார். அண்ணாந்து பார்த்தால் 'தலையில் விழுந்துவிடுவாரோ' என்று ஒரு கணம் உதறும். 2017 மார்ச் 24 அன்று திறந்துவைத்தார்கள்.

ஷகீல் ஓ'நீல். செல்லமாக ஷாக். 7 அடி 1 அங்குலம். கணக்கில் காட்டிய எடை 325 பவுண்ட், அதாவது ஏறக்குறைய 147 கிலோ. ஷூ சைஸ் 22.

இந்தச் சிலை மாதிரியேதான் வரலாற்றில் அவருக்கு இருக்கும் இடமும். தரையிலும் இல்லை, பீடத்திலும் இல்லை. லேக்கர்ஸின் எக்காலத்துக்கும் உரிய வீரர்களை வரிசைப்படுத்துங்கள் என்று நான்கு அமெரிக்கர்களிடம் சொல்லிப் பாருங்கள். ஒருவர் ஷாக்கை இரண்டாவதாக வைப்பார். இன்னொருவர் ஐந்தாவது என்பார். மூன்றாமவர் 'எட்டே வருஷம் இருந்தவனுக்கு என்ன பட்டியல்?' என்று எகிறுவார். நாலாமவர் மேஜையைக் குத்துவார்.

இதிலே அப்படி என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது சார். ஒரு மனிதனை எதைக் கொண்டு அளப்பது? அவன் தொட்ட உச்சத்தைக் கொண்டா, கூடவே இருந்த காலத்தைக் கொண்டா? உங்கள் ஆபீஸிலும் இந்தக் கேள்வி உண்டு. முப்பத்தைந்து வருடம் ஒரு நாள் தவறாமல் வந்துபோனவர் பெரியவரா, எட்டே வருடம் இருந்து கம்பெனியைத் தூக்கி நிறுத்திவிட்டு, சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர் பெரியவரா?

கொஞ்சம் பின்னாலிருந்து வருவோம்.

*

கூடைப்பந்தில் ஒரு பக்கம் ஐந்து பேர். அதில் கூடைக்கு அடியிலேயே குடியிருக்கிறவருக்கு சென்டர் என்று பெயர். பொதுவாக அணியிலேயே உயரமான ஆள் அவர்தான். வளையம் இருப்பது பத்தடி உயரத்தில். அங்கே யாருடைய கை முதலில் போகிறதோ அவர் ராஜா. எதிராளி எறியும் பந்தைத் தட்டிவிடுவது, குறி தவறி வரும் பந்தைப் பறிப்பது, கிட்டத்தில் இருந்தே கூடைக்குள் போடுவது எல்லாம் அவர் வேலை.

லேக்கர்ஸ் இதுவரை 17 முறை சாம்பியன். அந்தப் 17 கோப்பைகளையும் வரிசையாக எழுதி, பக்கத்திலேயே அப்போதைய சென்டர் பெயரையும் எழுதிப் பார்த்தேன். (படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் இரண்டு காலம் போட்டால்தான் எனக்கு நிம்மதி!) விடை சுவாரசியமானது. பதினேழில் பதினாலு, நான்கே நான்கு ராட்சசர்கள் அணியில் இருந்தபோது வந்தவை. ஜார்ஜ் மைக்கன் 5. வில்ட் சேம்பர்லின் 1. கரீம் 5. ஷாக் 3. ஆக, ஷாக்கின் போட்டி முதலில் தன் சொந்தக் குலத்தோடுதான்.

முதல் ராட்சசன் மைக்கன். அப்போது லேக்கர்ஸ் இருந்தது லாஸ் ஏஞ்சலீஸில் அல்ல. மினியாபொலிஸ் என்ற குளிரூரில். அந்த மாநிலம் முழுக்க ஏரிகள். அதனால்தான் 'லேக்'கர்ஸ். 1960-ல் மூட்டை கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலீஸ் வந்தபோது, ஏரியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மைக்கன் 6 அடி 10 அங்குலம். தடித்த கண்ணாடி. பார்த்தால் கணக்கு வாத்தியார். ஆனால் அவரைத் தடுக்க ஆளில்லை. 1949 முதல் 1954 வரையிலான ஆறு வருடங்களில் ஐந்து கோப்பை! 'இந்த மனுஷன் கூடைக்குக் கீழே போய் நின்றால் ஆட்டமே முடிந்தது' என்று 1951-ல் விதியையே மாற்றினார்கள். கூடைக்கு அடியில் தாக்கும் அணிக்காரர் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாத கட்டம் ஒன்று உண்டு. அதன் அகலத்தை ஆறடியிலிருந்து பன்னிரண்டடி ஆக்கினார்கள். அதற்கு முந்தைய வருடம் இன்னொரு கூத்து. மைக்கன் கைக்குப் பந்து போனால்தானே வம்பு என்று ஃபோர்ட் வெய்ன் அணி பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு சும்மா நின்றது. முடிவு 19 - 18. லேக்கர்ஸ் தோற்றது. அந்தப் பதினெட்டில் 15 மைக்கனுடையது.

அடுத்தவர் வில்ட் சேம்பர்லின். ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தவர். ஆனால் அந்த நூறு 1962-ல், ஃபிலடெல்ஃபியா அணிக்காக. லேக்கர்ஸுக்கு அவர் வந்தது 1968-ல். மொத்தம் ஐந்து சீசன். நான்கு இறுதிப் போட்டி. ஒரே கோப்பை, 1972-ல். அந்தச் சீசனில் லேக்கர்ஸ் தொடர்ச்சியாக 33 ஆட்டம் ஜெயித்தது. அந்தச் சாதனையை இன்றுவரை எவரும் தொடவில்லை. இருந்தாலும் வில்ட்டின் பொற்காலம் வேறு ஊரில் கழிந்துவிட்டது. லேக்கர்ஸ் கணக்கில் அவர் ஷாக்குக்குக் கீழேதான். இதில் பெரிய சண்டை வராது.

சண்டை வருவது மூன்றாமவரிடம். கரீம் அப்துல் ஜப்பார்.

1975-ல் மில்வாக்கியிலிருந்து வந்தார். பதினாலு சீசன். ஐந்து கோப்பை. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் எம்.வி.பி. விருது, லேக்கர்ஸ் உடையிலேயே மூன்று முறை. அவருடைய ஆயுதம் ஸ்கைஹூக். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒற்றைக் கையைத் தலைக்கு மேலே நீட்டி, மணிக்கட்டால் பந்தை வழியனுப்பும் எறி. ஏழடி மனிதர் அப்படி எறிந்தால் யார் தடுப்பது? வாழ்நாள் மொத்தம் 38,387 புள்ளிகள். கடைசியில் 2023 பிப்ரவரியில் லெப்ரான் ஜேம்ஸ் முறியடிக்கும்வரை, கிட்டத்தட்ட நாற்பது வருடம் அதுதான் உலகத்தின் கூரை.

1985-ல் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். பரம வைரிகளான பாஸ்டன் செல்டிக்ஸோடு இறுதிப் போட்டித் தொடர். முதல் ஆட்டத்தில் 148 - 114 என்று லேக்கர்ஸை உரித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். கரீமுக்கு வயது 38. கால் நகரவில்லை. 'கிழவரை வீட்டுக்கு அனுப்புங்கள்' என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அடுத்த ஆட்டத்தில் கிழவர் 30 புள்ளி, 17 ரீபவுண்ட். கோப்பை லேக்கர்ஸுக்கு. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் கரீம்!

*

இப்போது நம் ஆளுக்கு வருவோம்.

1996. லேக்கர்ஸ் கோப்பை தொட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது. அணியை நிர்வகித்தவர் ஜெர்ரி வெஸ்ட், பழைய ஆட்டக்காரர். அந்த ஒரே கோடையில் அவர் இரண்டு காரியம் செய்தார். தன்னிடம் இருந்த நல்ல சென்டரான விளாடே திவாச்சைக் கொடுத்து, பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே வந்த ஒரு பையனை வாங்கினார். திவாச்சின் சம்பளம் மிச்சமானது. அதையும் சேர்த்து ஒர்லாண்டோவிலிருந்து ஷாக்கை இழுத்தார். ஏழு வருடத்துக்கு 12 கோடி டாலர்! அந்தப் பையன் யார் என்கிறீர்களா? கோபி பிரையன்ட்.

முதல் மூன்று வருடம் ஒன்றும் நடக்கவில்லை. காயம், தோல்வி, முணுமுணுப்பு. 1999-ல் ஃபில் ஜாக்சன் பயிற்சியாளராக வந்தார். அதன்பிறகு நடந்ததை ஆட்டம் என்பதா, அட்டகாசம் என்பதா?

1999 - 2000 சீசன். ஆட்டத்துக்குச் சராசரி 29.7 புள்ளி, 13.6 ரீபவுண்ட். லேக்கர்ஸ் 82-ல் 67 வெற்றி. மார்ச் 6, ஷாக்குக்கு 28-வது பிறந்தநாள். அதே ஊரின் இன்னொரு அணியான கிளிப்பர்ஸ் மீது 61 புள்ளி போட்டு, தனக்குத்தானே கேக் வெட்டிக்கொண்டார். எம்.வி.பி. தேர்தலில் மொத்தம் 121 ஓட்டு. முதலிடத்துக்கு ஷாக் வாங்கியது 120. மிச்சம் அந்த ஒரே ஒரு ஓட்டு ஆலன் ஐவர்சனுக்கு.

அந்த வருடம் இறுதிப் போட்டியில் இந்தியானா அணியோடு சராசரி 38 புள்ளி. 2001-ல் ஃபிலடெல்ஃபியாவோடு 33. 2002-ல் நியூ ஜெர்ஸியோடு 36.3. தொடர்ந்து மூன்று கோப்பை. மூன்று முறையும் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. 2001-ல் லீக் கட்டம் முடிந்து நாக் அவுட் தொடர்கள் ஆரம்பித்த பிறகு, லேக்கர்ஸ் ஆடிய 16 ஆட்டத்தில் தோற்றது ஒன்றே ஒன்று!

தடுக்க வழியே இல்லையா? ஒரு வழி இருந்தது. வெட்கம் கெட்ட வழி. வேண்டுமென்றே அவரைப் பிடித்து அடிப்பது. தவறு செய்தால் நடுவர் ஃப்ரீ த்ரோ கொடுப்பார். பலகையிலிருந்து பதினைந்தடி தூரம், யாரும் மறிக்க மாட்டார்கள், நிதானமாக எறியலாம். பள்ளிப் பையன்கள்கூடப் போடுவார்கள். ஷாக்கால் முடியாது! வாழ்நாள் கணக்கில் நூற்றுக்கு ஐம்பத்து மூன்றுகூடத் தேறவில்லை. 2000 இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் இந்தியானா அவரை அடித்து அடித்தே 39 ஃப்ரீ த்ரோ எறிய வைத்தது. உள்ளே போனது 18. மீதி 21-ம் வீண். அப்படியும் அன்று மனிதர் 40 புள்ளி, 24 ரீபவுண்ட். லேக்கர்ஸ் வெற்றி.

யோசித்துப் பாருங்கள். எதிரிக்குத் தெரிந்த ஒரே மருந்து, அவரை அவருடைய பலவீனத்திடம் அனுப்பிவைப்பது. அந்த மருந்தும் வேலை செய்யவில்லை. இந்த உச்சத்தை லேக்கர்ஸ் உடையில் மேஜிக் தொடவில்லை, கரீம் தொடவில்லை, கோபி தொடவில்லை. நாளைக்கே ஒரு ஆட்டம், ஜெயித்தே தீரவேண்டும், வரலாற்றிலிருந்து ஒருவரைக் கூப்பிடலாம் என்றால் நான் 2000-ம் வருடத்து ஷாக்கைத்தான் கூப்பிடுவேன். தயங்கவே மாட்டேன்.

அப்படியென்றால் முதலிடம்தானே? கொஞ்சம் பொறுங்கள். இது லாப நஷ்டக் கணக்கு. ஒரு வருடத்தில் எவ்வளவு சம்பாதித்தான் என்று சொல்வது. பேலன்ஸ் ஷீட் வேறு. மொத்தமாக எதைச் சேர்த்தான், என்ன பாக்கி வைத்தான் என்று சொல்வது.

*

வருகைப் பதிவேட்டை எடுப்போம். ஷாக் இருந்த எட்டு சீசனில் லேக்கர்ஸ் லீக் கட்டத்தில் ஆடியது 624 ஆட்டம். (1998 - 99-ல் நிர்வாகத்தகராறில் 50 ஆட்டம்தான் நடந்தது.) ஷாக் இறங்கியது 514. லீவு 110. கரீம்? பதினாலு சீசனில் 1,148 ஆட்டம். இறங்கியது 1,093. லீவு வெறும் 55. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேலை நாள். லீவு அதில் பாதி!

காயத்துக்கு யாரைக் குறை சொல்வது? நியாயம்தான். வயிற்றுத் தசை கிழிந்தால், முழங்கால் வீங்கினால் அவர் என்ன செய்வார் பாவம். ஆனால் 2002-ல் நடந்ததை அப்படி விட முடியாது. கால் கட்டைவிரலில் வலி. ஜூனில் கோப்பை ஜெயித்தாயிற்று. கோடை முழுக்க விடுமுறை. ஆபரேஷன் செய்துகொண்டதோ செப்டம்பரில். வேலை நேரத்தில் வந்த காயம், வேலை நேரத்திலேயே ஆறட்டும் என்று வியாக்கியானம் வேறு! சீசன் தொடங்கியபோது ஆளைக் காணோம். அவர் இல்லாத முதல் 12 ஆட்டத்தில் லேக்கர்ஸ் 9 தோல்வி. அந்தப் பள்ளத்திலிருந்து ஏறவே மூச்சு வாங்கியது. 2003-ல் சான் ஆன்டோனியோவிடம் இரண்டாவது சுற்றிலேயே வெளியேற்றம். தொடர்ச்சியாக நாலாவது கோப்பை என்ற கனவு அங்கே உடைந்தது.

கோபியோடு பனிப்போர். யார் அணி இது, யாருக்குப் பந்து என்று ஓயாத சண்டை. 2004 இறுதிப் போட்டியில் டெட்ராய்ட்டிடம் 4 - 1 என்று மண்ணைக் கவ்வினார்கள். முதலாளி ஜெர்ரி பஸ்ஸிடம் ஷாக் எதிர்பார்த்த சம்பளம் கிடைக்கவில்லை. ஜூலை 14, 2004. மயாமிக்குக் கைமாற்றிவிட்டார்கள். மறுநாளே கோபி லேக்கர்ஸோடு புது ஒப்பந்தம் போட்டார். அடுத்த சீசனில் லேக்கர்ஸ் 34 ஆட்டம்தான் ஜெயித்தது. ஷாக் 2006-ல் மயாமியோடு ஒரு கோப்பை. கோபி 2009, 2010 இரண்டிலும் லேக்கர்ஸோடு இரண்டு கோப்பை.

இருவரும் ஒற்றுமையாக இருந்திருந்தால்? இந்தக் கேள்வியைக் கேட்காத லேக்கர்ஸ் ரசிகர் இல்லை. ஷாக்கின் பேலன்ஸ் ஷீட்டில் இருக்கும் வராக்கடன் அதுதான். கரீமைப் பற்றி யாரும் 'இன்னும் செய்திருக்கலாம்' என்று சொல்வதில்லை.

*

சரி, தீர்ப்புக்கு வருவோம். என் தீர்ப்பு. கோபப்படாமல் கேளுங்கள்.

முதலிடம் மேஜிக் ஜான்சன். 1980-ல், வந்த முதல் வருடமே, கரீம் கணுக்காலில் அடிபட்டுப் படுத்துவிட, கடைசி ஆட்டத்தில் சென்டர் இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கி 42 புள்ளி எடுத்துக் கோப்பை வாங்கிக் கொடுத்த இருபது வயதுப் பையன். ஐந்து கோப்பை, மூன்று எம்.வி.பி. எல்லாமே லேக்கர்ஸ் உடையில்.

இரண்டாவது கோபி. இருபது வருடம், ஒரே அணி, 33,643 புள்ளி, ஐந்து கோப்பை. மூன்றாவது கரீம். நாலாவது ஷாக்.

ஐந்தாவதாக ஜெர்ரி வெஸ்ட். அவர் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஒன்பது இறுதிப் போட்டி ஆடி எட்டில் தோற்றவர். 1969-ல் தோற்ற அணியில் இருந்தும் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். ஆனால் களத்தில் நின்று ஜெயித்த கணக்கென்று பார்த்தால், மூன்று இறுதித் தொடர்களைத் தோளில் சுமந்த ஷாக் ஒரு படி மேலே. 2024-ல் மறைந்த வெஸ்ட் இதைக் கேட்டாலும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஷாக்கைக் கொண்டுவந்தவரே அவர்தானே!

ஆக, ராட்சசர்களில் இரண்டாமிடம், மொத்தத்தில் நாலாமிடம். தொட்ட உச்சத்துக்கு முதலிடம் தந்திருக்க வேண்டும். மூன்று படி கீழே இறக்கியது 110 லீவும் ஒரு சண்டையும்.

அப்படியானால் மைக்கன்? அவருடைய காலமே வேறு. ஒரு முறை எறிவதற்கு 24 விநாடிதான் என்ற விதிகூட இல்லாத காலம். அவரை இந்தப் பட்டியலில் சொருகினால் இரண்டு பக்கமும் நியாயமில்லை. அதனால் எண் போடாமல் விட்டிருக்கிறேன். ஆனால் அவரைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க மாட்டேன்.

வயதான காலத்தில் மைக்கன் சிரமப்பட்டார். சர்க்கரை நோய். 2000-ல் ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. டயாலிசிஸ். ஆரம்ப காலத்து ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த சொற்ப பென்ஷனை உயர்த்தச் சொல்லிக் கடைசிவரை போராடினார். 2005 ஜூன் 1 அன்று காலமானார்.

அப்போது ஷாக் மயாமியில். நாக் அவுட் ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. லேக்கர்ஸோடு அவருக்குப் பேச்சுவார்த்தை சுமுகமாக இல்லாத நேரம். செய்தி கேள்விப்பட்டதும், இறுதிச் சடங்குச் செலவு முழுவதும் என்னுடையது என்று அறிவித்தார். மைக்கன் குடும்பம் சம்மதித்தது. அவர் இல்லையென்றால் நான் இல்லை என்பது ஷாக் சொன்ன காரணம்.

மைக்கனின் 99-ம் எண்ணை லேக்கர்ஸ் அரங்கத்தின் உச்சியில் ஏற்றி ஓய்வு கொடுத்தது 2022-ல். அவர் போய்ப் பதினேழு வருடம் கழித்து.

இந்தச் செலவை எந்தக் காலத்தில் எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். புள்ளி, ரீபவுண்ட், கோப்பை, லீவு என்று நான் போட்ட எந்தக் காலத்திலும் அது உட்காரவில்லை. அதனால் பட்டியலில் மாற்றம் ஏதும் இல்லை. ஷாக் நாலாவதுதான். உங்களுக்கு வேறு வரிசை தோன்றினால் தாராளமாக எழுதுங்கள், சண்டை போடலாம்.